கொள்ளளவு

பயணப்படிப் படிவத்தில் ஊர்ப்பெயரை
பொன் என்று எழுதினேன்.
கணக்காளர் சிரித்தார்:
"வரும்போது கொஞ்சம் கொண்டு வாங்கோ."

ரைன் நதியைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி அறை.
பன்னிரண்டு நாடுகள், பன்னிரண்டு பெயரட்டைகள்.
யோகாம்பிகையைப் பாதியில் உடைத்து
யோகா என்று அச்சிட்டிருந்தார்கள்.
மலாவியிலிருந்து வந்த சிகொண்டி கேட்டார்,
வகுப்பும் எடுப்பீர்களா என்று.

முதல் நாள் முழுக்க ஒரே சொல்.
இயலளவு, திறன்விருத்தி, ஆற்றல்மேம்பாடு என்று
எங்கள் சுற்றறிக்கைகள் அதை ஆண்டுக்கொரு விதமாய் எழுதும்.
நான் நீர்ப்பாசனப் பொறியியலாளர்.
எனக்கு அது கொள்ளளவு:
குளம் எவ்வளவு தாங்கும்,
எத்தனையாவது அடியில் வான் பாயும்,
அந்த இரவில்
யாரை முதலில் எழுப்ப வேண்டும்.

வீப்கே ஹான்சன் வட்டங்கள் வரைந்தார்.
ஒரு வட்டத்துக்குள் நாங்கள்.
அம்புக்குறிகள் வெளியிலிருந்து உள்ளே வந்தன.
நல்ல மனுஷி. தேநீர் இடைவேளையில்
எனக்கென்று பால் சூடாக்கித் தந்தார்.
அம்புகள் எல்லாம் ஏன் ஒரே பக்கம் பார்க்கின்றன என்று
கேட்க வாயெடுத்தேன்.
பால் ஆறிவிடும். குடித்தேன்.

அட்டவணையில் ஒரு நிரல்: இல்லாதவை.
மழைமானி நான்கு; ஒன்றில் குளவிக்கூடு.
படகு ஒன்று; கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்.
இருப்பவை என்று நிரல் இல்லை.
இருந்திருந்தால்
கமக்காரர் சங்கச் செயலாளர் தவமலரின்
விரிசல் விழுந்த கைபேசியை எழுதியிருப்பேன்.
முந்நூற்றுப் பதினேழு எண்கள்.
யார் வீட்டில் நடக்க ஏலாதவர்,
யாருக்குப் பிள்ளை பிறக்க இன்னும் பத்து நாள்,
யாருடைய நாய் படகில் ஏற மறுக்கும்,
எல்லாம் அடைப்புக்குறிக்குள்.

நான்காம் நாள் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள்.
அந்த ஆற்றின் பெயர் ஆர்.
எங்கள் பேச்சில் அது பெயரல்ல, கேள்வி.
முழங்காலளவுத் தண்ணீர்.
கல்லில் நின்று இறகு கோதும் ஒரு வாத்து.
இதுவா, என்றார் சிகொண்டி.
இதுதான்.
ஒரே ஜூலை இரவில்
நூறு பேருக்கு மேல்.

பேக்கரி நடத்தும் நெட்டெகோவன் அம்மையார்
சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார்.
என் தலைக்கு மேலே இன்னும் இரண்டு முழம்.
"செயற்கைக்கோள் இருந்தது. வரைபடம் இருந்தது.
எச்சரிக்கையும் வந்தது.
எதிர்வீட்டுக்காரரின் பெயர்தான் எனக்குத் தெரியாது.
பதினோரு வருஷம் எதிரெதிரே.
அன்றிரவு
ஹலோ, ஹலோ என்றுதான் கத்தினேன்."

யாரும் குறிப்பெடுக்கவில்லை.
வீப்கே பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

இதை ஒரு பாடமாக்கிக்கொண்டு
ஊருக்குப் போக எனக்கு மனமில்லை.
பெயர் தெரிந்திருந்தால் போதுமா?
ஒரு மார்கழியில் தவமலரின் பட்டியலில்
மூன்று எண்கள்
விடியும்வரை ஒலித்துக்கொண்டே இருந்தன.
பெயர் தெரியும், வீடு தெரியும்,
படகு வரவில்லை.
எங்களுக்குப் படகு வேண்டும்.
மழைமானி வேண்டும், குளவி இல்லாமல்.
வட்டிக்கல்ல.
இந்த மழையின் கணக்கில்
எங்கள் புகை எவ்வளவு என்று
அந்த அட்டவணையில் யாராவது ஒரு நிரல் போடட்டும்.

திரும்பும்போது வீப்கே
என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.
"கப்பாசிட்டி. உங்கள் மொழியில் எப்படி?"
கொள்ளளவு என்றேன்.
பாதிக்கு மேல் அவர் நாக்கு வரவில்லை.
"கொள்... அப்படியென்றால்?"
பிடி, வாங்கு, உள்ளே வை.
பிறகு, உண்மையைச் சொல்ல வேண்டுமே,
குதிரைக்குப் போடும் ஒரு தானியமும்.
அவர் சிரித்தார். நானும்.

கண்ணாடியில் இரண்டு மூன்று துளிகள் விழுந்தன.
பேச்சை நிறுத்தாமலே
இருவரும் ஒரே கணத்தில்
ஆற்றைத் திரும்பிப் பார்த்தோம்.