அடுத்த செவ்வாய்

காலை எட்டுக்கு முதல் சொட்டு.
பத்து நிமிடம் விட்டு இன்னொன்று.
மூன்றாவதற்குள் பாவை விரிந்து
கண் முழுக்கக் கறுப்பாகிவிடும்.
எடை ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிராம்.
அட்டையில் பேபி ஆஃப் ரெஜினா.
சொந்தப் பெயர் இன்னும் வைக்கவில்லை.

நர்ஸ் நாக்கில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் வைப்பாள்.
குதிகாலில் ஊசி குத்தும்போதும் அதேதான்,
இமையை விலக்கிப் பிடிக்கும் கம்பிக்கும் அதேதான்.
இனிப்பு வந்தால் பின்னாலேயே வலி வரும் என்று
முப்பத்து மூன்று வாரத்துப் பிள்ளை
கற்றுக்கொண்டு உதட்டைப் பிதுக்கினான்.

டாக்டர் அட்டையின் பின்பக்கம் வட்டம் போட்டார்.
நடுவில் ஒரு புள்ளி.
“இங்கேருந்து ரத்தக்குழாய் கிளம்பி
ஓரம் வரைக்கும் போகணும்மா.
பாதியில நிக்குது, பாருங்க, இந்தக் கோட்டுல.
வயித்துக்குள்ள முடிய வேண்டிய வேலை.
அவசரமா வெளிய வந்துட்டான்.”

போனில் அவரிடம் சொன்னேன்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் மூன்றாம் நாளாக
வரிசையில் நிற்கிறது அவருடைய டிரெய்லர்.
“ஹார்பர் கேட்டாண்ட நிக்கிற மாதிரியா?”
“அப்டித்தான் போல.”
“முண்டிக்கினு ஏறாம இருக்கணும்.
ஆரன் அட்ச்சி ஒண்ணும் ஆவாது.
தொறக்கச்சொல தொறக்கும்.”
பிறகு வெகுநேரம் எஞ்சின் சத்தம் மட்டும்.

மருந்து இல்லையா என்றேன். இல்லை.
நான் எதையாவது சாப்பிடாமல் இருக்கணுமா? வேண்டாம்.
“குழாய் முறுக்கினா, வீங்கினா, லேசர் வைப்போம்.
நிறையப் பிள்ளைங்களுக்குத் தானா சரியாகும். பார்ப்போம்.
அடுத்த செவ்வாய் வாங்க.”

பார்ப்போம்.
கடன் கேட்ட இடத்தில் கேட்டிருக்கிறேன் இந்தச் சொல்லை,
கம்பெனி வாசலில், வீட்டு அட்வான்ஸ் திருப்பிக் கேட்டபோது.
இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லாத சொல்.
இங்கே மட்டும்
பார்ப்போம் என்றால் பார்ப்போம்.
தலையில் விளக்கு, கையில் கண்ணாடி வில்லை,
வாரத்துக்கு ஒருமுறை
என் பிள்ளையின் கண்ணுக்குள் ஒருவர் குனிந்து பார்ப்பார்.

மற்ற ஆறு நாளும் ரவிக்கைக்குள் அவனைப் போட்டுக்கொண்டு
தூங்காமல் கிடந்தேன்.
ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு
இவ்வளவு தெம்பு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நான்காம் செவ்வாய் கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
ஆட்டோவில் உட்கார்ந்து டேங்கர்களை எண்ணினேன்.
நாற்பத்து ஏழு. கார்டு வண்டியோடு நாற்பத்து எட்டு.
ஒற்றை என்றால் நல்லது என்று
எண்ண ஆரம்பிக்கும்போதே நினைத்திருந்தேன்.
கார்டு வண்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று கோடு அப்படியேதான் இருந்தது.

ஆறாம் செவ்வாய். இரண்டு கிலோ நூறு.
டாக்டர் நிமிர்ந்து விளக்கைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.
“கோட்டைத் தாண்டிப் போயிருக்கு.”
“எது?”
“குழாய்தான். ரெண்டு கண்ணுலயும். தானா.”
வட்டத்தில் பேனாவை ஓரம் வரை இழுத்தார்,
முழுசாகத் தொடவில்லை, ஒரு நூல் இடைவெளி.
“இன்னும் கொஞ்சம்தான். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க.”

வெளியே பெஞ்சில் ஷம்ஷாத் இருந்தாள்.
இவனுக்கு இரண்டு நாள் மூத்தவள் அவளுடைய பெண்.
அதே சொட்டு, அதே கம்பி, அதே செவ்வாய்கள்.
லேசருக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.
என்ன சொன்னாங்க என்று கண்ணால் கேட்டாள்.
அட்டையை நாலாக மடித்து,
இன்னும் மடித்து,
கைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.
அந்தக் கதவு திறக்கும்வரை
வீட்டுக்குக் கிளம்பத் தோன்றவில்லை.

யாரிடம் போய் நன்றி சொல்வது?
டாக்டரிடம் சொன்னேன். “நாங்க ஒண்ணும் பண்ணலையே” என்றார்.

பெயர் வைத்த அன்று
அவர் குளித்து, டீசல் வாடை போகாத விரலால்
கேக்கின் கிரீமை ஒரு பொட்டு எடுத்து
நாக்கில் தடவினார்.
சட்டென்று இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டான்.
காத்திருந்தான்.
நாங்களும்.
ஒன்றும் வரவில்லை.

முதலில் இடது கண்ணைத் திறந்தான்.