ஏழாம் அறையில் விட்டுப்போனது

கானாடுகாத்தான் விடுதியில் எனக்கு இரவுப் பணி.
விட்டுப்போன பொருள்களின் பேரேட்டில்
நான் எழுதியது இப்படி:
‘கறுப்பு வட்டு ஒன்று. வெள்ளைத்தாளில் சுற்றியது.
வறட்டி போல. எடை 357 கிராம்.
மருந்தா எனத் தெரியவில்லை.’

அதற்கு மேலே ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு,
கீழே ஒற்றைக் கொலுசு.

மூன்று மாதம் யாரும் கேட்கவில்லை.
மின்னஞ்சல் அனுப்பினேன்.
தைவானிலிருந்து அந்த அம்மாள் எழுதினார்:
‘அது பூ-அர், தேயிலை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.’

தேயிலை என்றதும்
பாலைக் காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்டு,
சீனி மூன்று கரண்டி.
பால் கண்மாய்ச் சேறானது.
காவலாளி ஆரோக்கியம் ஒரு மிடறு குடித்துவிட்டு
‘அண்ணே, மழையில நனைஞ்ச மரப்பெட்டிய
நக்கினாப்புல இருக்கு’ என்றான்.
மீதியைச் செம்பருத்திக்கு ஊற்றினோம்.
செம்பருத்தி ஒன்றும் சொல்லவில்லை.

மறுவாரம் பால் இல்லாமல்.
கத்தியால் குத்தினேன், ஓரம் தூளானது,
கட்டைவிரலும் கொஞ்சம் கிழிந்தது.
குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடக் கொதி.
கஷாயம்.
கொட்டச் சொன்னதை மறந்தே போயிருந்தேன்.

அப்புறம்தான் நிதானம் வந்தது.
கோணி ஊசியைப் பக்கவாட்டில் நுழைத்து
மெல்ல நெம்பினால்
இலை இலையாய்ப் பிரிகிறது,
வேட்டி மடிப்பில் துவைபட்ட ரூபாய் நோட்டு போல.
தண்ணீர் ஊருணியிலிருந்து, சைக்கிளில் ஒரு குடம்.
ஆழ்குழாய் உப்பு இதற்கு ஆகாது.
முதல் தண்ணீரைக் கொட்டுகிறேன்,
அத்தனை நிறமும் போகிறதே என்று கை கூசுகிறது.
இரண்டாவதைப் பத்து எண்ணுவதற்குள்
வடித்துவிட வேண்டும்.

வாயில் முதலில் மண்.
பிறகு புளிப்பானையின் அடி.
பிறகு ஒன்றுமே இல்லை.
இவ்வளவுதானா என்று
பேரேட்டைத் திருப்பும்போது
தொண்டைக்கடியிலிருந்து ஏறி வந்தது,
நெல்லிக்காய் கடித்துத் தண்ணீர் குடித்தாற்போல்
ஓர் இனிப்பு.
ரயில் தவறவிட்டு
நடுச்சாமத்தில் மணியடிக்கும் விருந்தாளி மாதிரி.

எழுந்துபோய்ச் சீனி டப்பாவை மூடினேன்.

பதினொன்று முதல் நாலு மணி வரை
அதே இலையில் ஒன்பது முறை.
ஒன்பதாவது வெறும் வெந்நீர்தான்,
ஆனாலும் அதற்கு ஏதோ ஞாபகம் இருந்தது.

நேற்று மேலாளர் வயிரவன்
பொருள்களைச் சரிபார்க்க வந்தார்.
கண்ணாடிக் கூடு, சரி. கொலுசு, சரி.
‘இந்த வட்டு?’
சமையலறைத் தராசில் வைத்தோம். 289.
‘அறுபத்தெட்டு கிராம் எங்கேய்யா?’

நான் கெட்டில் பொத்தானை அமுக்கினேன்.

கிண்ணத்தை முகர்ந்தார், சுளித்தார், குடித்தார்.
வைத்துவிட்டு எழுந்தார்.
நிலைப்படி தாண்டப் போனவர் நின்று
நாக்கை அண்ணத்தில் ஒருமுறை ஒட்டி எடுத்தார்.

‘இன்னொண்ணு ஊத்து.’

‘குறைவுக்குக் காரணம்’ என்ற கட்டத்தில்
பிற்பாடு அவர் கையாலேயே எழுதியது:
வெயில்.