நகம் வெட்டும் நாள்

தூரின் நகரம், நான்காவது மாடி.
சமையலறைத் தராசில் நொச்சோலா உட்கார்ந்திருக்கிறது.
தொள்ளாயிரத்துப் பத்து கிராம்.
போன வாரத்தைவிட இருபது குறைவு.
"குடைமிளகாய் கொடுத்தாயா?"
ஒத்தாவியா தலையாட்டுகிறாள். பொய்.
காய்ந்த புல் மட்டும் போதாது, கண்ணே,
வைட்டமின் சி தானே செய்துகொள்ளத் தெரியாத உடம்பு,
நம்முடையதைப் போலவே.

ஒரு கையால் மார்பைத் தாங்கி
மறுகையில் பின்பக்கத்தை ஏந்தி
மடியில் சாய்க்கிறேன்.
கறுப்பு நகம், உள்ளே ஓடும் ரத்தம் தெரியாது.
அவள் டார்ச் அடிக்கிறாள்.
நுனியை மட்டும் எடுக்கிறேன்.
டிக்.
கூய் என்கிறது.
எங்கள் மலையில் அதன் பெயரே அதுதான்.

"உன் கையில் மட்டும் எப்படி அடங்கியிருக்கிறது, ஹெர்மெலிந்தா?"
என்னிடம் இருபது இருந்தன, அடுப்படியில்.
வாய் தவறிவிட்டது.
"இருபதா! பெயர்கள் சொல்லு."

இன்னும் மூன்று நகம் இருக்கிறது.
கை நடுங்கக் கூடாது.

"ஒன்று, ஞானஸ்நானம்" என்றேன்.
"ஒன்று, அண்ணன் கல்யாணம்.
அப்புறம்... லீமாவிலிருந்து சித்தப்பா வந்த ஞாயிறு.
கால் மட்டும் வெள்ளையாக ஒன்று,
அதன் பெயர் பரீட்சையில் பாஸ்."

விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.
"எவ்வளவு நீளப் பெயர்! கூப்பிட்டால் வருமா?"

வரும்.
புல்லுக்கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே போதும்,
எல்லாம் ஓடி வரும்,
என் பாதத்தின் மேலேயே ஏறி.

டிக். டிக்.
நொச்சோலா என் முழங்கை மடிப்பில் மூக்கை நுழைத்து
மூச்சு விடுகிறது, சூடாக.

பிறகு தராசைக் கழுவித் துடைக்கிறேன்.
ராத்திரிக்கு மாவு அளக்க வேண்டும்.