சனிக்கிழமைக் கட்டம்

ஹைஃபாவிலிருந்து முப்பத்தொரு பேர்.
புதன் தாராசுரம், வியாழன் தரங்கம்பாடி,
வெள்ளி தஞ்சாவூர்.

வெள்ளி சூரியன் சாய்வதற்குள்
கும்பகோணத்தில் வண்டி நின்றுவிட வேண்டும்
என்கிறார் ஷுலமித் அம்மாள்.
மாசியில் ஆறேகால்.
ஐந்து என்று போட்டேன்.
பாபநாசம் ரயில்வே கேட்டை அவருக்குத் தெரியாது.

பாலுக்குத் தனி, கறிக்குத் தனி,
எல்லாம் புதுப் பாத்திரம்.
யார் வீட்டுக் கல்யாணம் என்றார் கடைக்காரர்.

சனிக்கிழமைக் கட்டம் காலி.
வண்டி கூடாது, சுவிட்சு போடக் கூடாது.
நடக்கலாம்.

விடுதியிலிருந்து காவிரி எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தார்.
நானே நடந்து பார்த்தேன்: பதினோரு நிமிடம்,
நடுவில் ஒரு சாக்கடை.
தண்ணீர் இருக்குமா என்று அவர் கேட்கவில்லை.
நானும் எழுதவில்லை.

கட்டத்தில் ‘ஆறு’ என்று மட்டும் நிரப்பினேன்.
டிரைவர் பக்கிரிசாமி எட்டிப் பார்த்து,
“காலையா, சாயங்காலமா?” என்றார்.