இரண்டாம் முறை கேட்ட "யார்?"

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
செவ்வாய் மாலை, நூலகத்தின் நிலவறையில்
பனிக்காலணிகள் சுவரோரம் உருகிக்கொண்டிருக்க
ஓர் அரசனைப் பிரேதப் பரிசோதனை செய்கிறோம்.

நாடகம் பழையது. ஐந்து அங்கம்.
நாடு கடத்தப்பட்ட தம்பி
புயலிரவில் திரும்பி வந்து கோட்டைக் கதவைத் தட்டுகிறான்.
கதவு திறக்கவில்லை.
விடிந்ததும் விறைத்துக் கிடக்கிறான்.
அரசன் அழுகிறான்,
அறுபத்திரண்டு வரி.

"அரசனின் குறை என்ன?" என்கிறார் மிஸ் ஹில்டபிராண்ட்.
வெள்ளைப் பலகையில் விடையை ஏற்கெனவே எழுதிவிட்டார்:
செருக்கு.
ஒக்ஸானா, "விதி" என்கிறாள்.
இரண்டு வேலை முடித்துவிட்டு வந்திருக்கும் ரொடெல்
கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்கிறான்:
"தம்பிக்காரன் ஏன் கையுறை போட்டு வரவில்லை?"
சிரிக்கிறோம்.
விதியைவிட அது நல்ல கேள்வி.

என் கண் வாயிற்காவலன் மேல்.
பெயர் கிடையாது அவனுக்கு. மொத்தம் நாலு வரி:
"யார்?"
"கட்டளை இல்லை."
"யார்?"
"விடியட்டும்."
ஐந்தாம் அங்கத்தில் அவனைத் தூக்கில் போடுகிறார்கள்,
மேடைக்கு வெளியே, அடைப்புக்குறிக்குள்.

வகுப்பு இரங்கியது. பாவம், கூலிக்காரன்,
சொன்னதைச் செய்தான்.
வெஸ்லி மட்டும் தலையசைக்கவில்லை:
"சாவி யார் இடுப்பில் இருந்தது?"
சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதை
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன்.
பாதிதான் வந்தது. மீதியை ரொடெல் தன் ஊரிலிருந்து நிரப்பினான்.

முதல் "யார்?" கேள்வி.
புயலில் கேட்கத்தான் வேண்டும்.
ஆனால் நடுவில் தம்பி ஒன்று சொல்கிறான்:
"நான்தான். வெள்ளத்தில் உன் மகனைத் தோளில் சுமந்தவன்."
அதற்குப் பிறகும் ஒரு "யார்?"
அது கேள்வி இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால்,
ஆஸ்பத்திரியின் இரவு வாசலில் எனக்கு வேலை.
எட்டு மணிக்குக் கதவு பூட்டிக்கொள்ளும்,
பிறகு என் விரல்தான் சட்டம்.
ஊதாத் தொப்பி போட்ட ஒரு பெண்
பதினொரு நாளாக வந்துபோனாள்.
நாலாம் மாடி, சன்னலோரக் கட்டில், கணவர்.
பன்னிரண்டாம் நாள் பஸ் தாமதம். எட்டுப் பத்து.
கண்ணாடிக்கு அப்பால் அதே தொப்பி.

"பெயர்?" என்றேன்.
சொன்னாள்.
"எழுத்துக் கூட்டுங்கள்."
கூட்டினாள். நடுங்கி நடுங்கி, ஒவ்வொரு எழுத்தாய்.
சிவயோகமலர் என்ற என்னை
"சிவா" என்று வெட்டி அட்டையில் மாட்டிய ஊரில்
ஒருத்தி தன் முழுப் பெயரையும்
எனக்காக உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு நிமிடம்.
பிறகு திறந்தேன். திறக்காமல் இல்லை.
அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அடுத்த வாரமே வீட்டுக்குப் போனார்.
அவள் நன்றி சொன்னாள்.
அந்த நன்றி இனித்தது.
அவ்வளவுதான் நடந்தது.

கட்டுரையில் இதை எழுதவில்லை. எழுதியது இது:
நாலே வரி கிடைத்தவன்
அதில் ஒன்றை இரண்டு முறை பேசிக்கொள்கிறான்,
மேடையில் இன்னும் கொஞ்சம் நிற்பதற்காக.
கட்டளை அரசனுடையது.
அந்த இரண்டாவது "யார்?" அவனுடைய சொந்தச் சொத்து.

பி கிரேடு. பச்சை மையில் ஒரு குறிப்பு:
"சுவையான வாசிப்பு. ஆதாரம் போதவில்லை."
உண்மைதான்.
பிரதியில் தேடினால் கிடைக்காது.

போர்ட்டேஜ் அவென்யூவில் பஸ் பிடித்து
வகுப்பிலிருந்து நேரே வேலைக்கு.
கட்டுரை பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்.
எட்டு அடித்தது. கதவு பூட்டிக்கொண்டது.
யாரோ கையுறையைக் கழற்றிவிட்டுக்
கண்ணாடியைத் தட்டுகிறார்கள்.

வாய் திறக்குமுன்
பொத்தானை அழுத்திவிடப் பார்க்கிறேன்.
சில இரவுகளில்
வாய் முந்திவிடுகிறது.