லைன் பிளாக்

இந்த இசைத்தட்டின் நடுச்சீட்டைக் கரையான் தின்றுவிட்டது.
ஐந்து பேர் வாசிக்கிறார்கள்,
ஒருவர் பெயரும் தெரியாது.
மிச்சமிருப்பது ஓர் ஆண்டு, அதிலும் கடைசி எண் இல்லை:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து ஏதோ.
மூர் மார்க்கெட்டில் கடைக்காரர் சொன்னார்,
"ஜாஸா? பேண்டு வாத்தியம்தான், எடுத்துக்க."

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
கம்ப்ரசர் பக்கத்தில் எனக்கு இருபத்திரண்டு வருஷம்.
ஸ்டான்லியில் காதைச் சோதித்த பெண்
காகிதத்தில் ஒரு கோடு போட்டாள்.
வலப்பக்கம் போகப்போக அது
படி தவறியவன்போல் விழுந்தது.
"மேல் சத்தமெல்லாம் உங்களுக்குப் போயிடுச்சு.
குருவி கத்துனா கேக்குதா?"
சிம்பல் கேட்கவில்லை என்று
அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஸ்பீக்கர் இரண்டும் மீன் பெட்டிமேல் நிற்கின்றன.
பெட்டிக்குள் மணல், அதிர்வைத் தின்பதற்கு.
கடல் மணல் ஈரம் இழுக்கும் என்று
மூன்று நாள் வாணலியில் வறுத்தேன்.
எதிர்வீட்டு அலமேலம்மா எட்டிப் பார்த்து
"கடலையா?" என்றாள்.
உப்புக்காற்று வயர் முனையில் பச்சை கட்டும்,
மாதம் ஒருமுறை பஞ்சால் துடைக்க வேண்டும்.
வால்வு சூடாக ஐந்து நிமிஷம்.
அந்த ஐந்து நிமிஷம் யாரும் என்னிடம் பேசுவதில்லை.

இது மோனோ.
இடமில்லை, வலமில்லை,
முன்னும் பின்னும் உண்டு.
சாக்ஸபோன் மைக்கை மூச்சால் நனைக்கும் தூரத்தில்.
பியானோ சுவரோடு ஒட்டி.
டிரம் தோலில் கம்பித் துடைப்பம்,
யாரோ வாசல் பெருக்குவதுபோல்,
பெருக்கி முடிக்க மனமில்லாததுபோல்.

முதல் பக்கம், மூன்றாவது உருப்படி.
எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள
பேஸ் மட்டும் தனியாக நடக்கும் இடம்.
அங்கேதான் வரும்
கொருக்குப்பேட்டை கூட்ஸ்.
தரையிலிருந்து ஏறி, பலகையைத் தொட்டு,
அந்த மனிதரின் விரல்மேலேயே ஓடும்.
ஆறு வருஷம் திட்டியிருக்கிறேன்.
இரவு ஒரு மணிக்குப் போட்டுப் பார்த்தேன்,
இரண்டரைக்குப் போட்டுப் பார்த்தேன்,
ஜன்னலுக்கு ரெக்ஸின் அடித்தேன்.
வரும்.

போன ஞாயிறு பொற்கொடிக்கு வார ஓய்வு.
யார்டில் பாயிண்ட்ஸ் போடுகிறவள்,
தூக்கத்திலும் வண்டி எண்ணுகிறவள்.
கட்டிலில் படுத்தபடி கேட்டாள்:
"இன்னாத்துக்கு பல்லக் கடிக்கிற?"
"உன் கூட்ஸுதான்."
"இன்னிக்கு ஏது கூட்ஸு?
காலைல நாலு மணி வரைக்கும் லைன் பிளாக்.
ஒரு டிராலிகூடப் போவாது."

ஊசியை எடுத்தேன்.
தெரு அப்படியே நின்றது.
நாய்கூட இல்லை.
ஊசியை வைத்தேன்.
வந்தது.

எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.
"திரும்பப் போடு."
கண்ணை மூடிக் கேட்டாள்,
யார்டில் இருட்டில் நிற்கும் அதே முகம்.
"கூட்ஸு இல்ல. ஆளுங்க போற வண்டி.
தரைக்குக் கீழ ஓடுது.
ஆறு பொட்டி இருக்கும்.
வளைவுல திரும்புறான், பார்,
கிறீச்சுனு பிரேக்கு."
"எங்கே கிறீச்?"
"இதோ. இதோ! கேக்கல?"

கேட்கவில்லை.
அவள் புருவம் சுருங்கிய இடத்தில்
பிரேக் இருக்கிறதென்று தெரிந்துகொண்டேன்.

பிறகுதான் கவனித்தேன்.
அந்த இடத்தில் பேஸ்காரர்
ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்து நிற்பார்.
விரல் களைத்துவிட்டது என்றே
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
இல்லை.
வண்டி வருவது அவருக்கும் கேட்டிருக்கிறது.
கேட் போட்டுவிட்டு நிற்கிறார்.
கடைசிப் பெட்டி போனதும்
நடக்கிறார்.

நான்காம் முறை போட்டபோது
பொற்கொடி போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்:
"இன்னொண்ணும் இருக்கு,
பின்னாடி யாரோ சிரிக்கிறான்."
எங்கே என்று கேட்பதற்குள்
தூங்கிவிட்டாள்.

நாலு மணி பத்துக்குத் தரை நடுங்கியது.
தட்டு சுற்றவில்லை, வால்வு அணைந்திருந்தது.
இது நம்முடையது.
எண்ணிப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டா, நாற்பத்து மூன்றா,
விடிந்ததும் அவளிடம் கேட்க வேண்டும்.