தங்கும் எடை

ஆ செங்கின் லோரியில்
பழைய போர்வை சுற்றிக்கொண்டு வந்தது தொட்டி.
காலியாக இருக்கையில் இரண்டு பேர் தூக்கலாம்.
அதுதான் அதன் ஏமாற்று.

நாலடி நீளம். முன்னூறு லிட்டர்.
தண்ணீர் முன்னூறு கிலோ, கண்ணாடி ஐம்பது,
மணல் முப்பது, இரும்புக் கால் நாற்பது.
மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டினேன்:
நானூற்று இருபது.
‘ஆறேழு ஆள்’ என்றார் தர்மசீலன்.
‘நம் வீட்டில் ஏழு பேர் நின்றதே இல்லையா?’

நின்றிருக்கிறார்கள்.
மாமனார் காரியத்தன்று இந்தக் கூடத்தில் அறுபது பேர்.
பலகை முனகியது, தாங்கியது.
ஆனால் அறுபது பேரும் டீ குடித்துவிட்டுச்
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.
தண்ணீர் எழுந்து போகாது.
நாம் தூங்கும்போதும் நின்றுகொண்டிருக்கும்,
அதே இடத்தில், அதே நான்கு கால்களில்.

பாடாங் செராயில் கம்பெனி
கிராணிக்குக் கட்டிக் கொடுத்த வீடு இது.
ரப்பர் போய்ச் செம்பனை வந்து
செம்பனை போய்த் தாமான் வந்தபோது
எங்கள் சேமிப்புக்குள் அடங்கியது.
‘அடிச்சட்டமெல்லாம் செங்கல்’ என்றார் விற்றவர்.
தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சம்பந்தி
சுவரைத் தட்டிப் பார்த்து, எங்கே செங்கல் என்று கேட்டார்.
இங்கே அது ஒரு மரத்தின் பெயர்.
அவர் கடைசிவரை நம்பவில்லை.

‘நடுக்கூடத்தில் வை,
நுழைந்ததும் கண்ணில் படவேண்டும்’ என்றார் இவர்.
நான் முழங்காலில் தவழ்ந்தேன்.
ஆணித்தலைகள் வரிசையாக வரும் இடம்
கீழே சட்டம் ஓடும் இடம்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுண்ணாம்புக்கட்டியால் புள்ளி.
‘புள்ளி வைத்தாயிற்று, கோலம் எங்கே?’
கேட்டுவிட்டுக் கையுறை ஆலைக்கு இரவு வேலைக்குப் போனார்.

புள்ளிகள் சொன்னது வேறு இடம்:
மேற்குச் சுவரை ஒட்டி, நான்கு சட்டங்களுக்குக் குறுக்கே,
தூண்களுக்கு நேர் மேலே.

மறுநாள் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
வீட்டுக்கு அடியில் நுழைந்தேன்.
சைக்கிள் ரிம், யாருடையதோ பீங்கான் மூடி,
என்னை முறைத்த பூனை.
முதல் தூண் சரி. இரண்டாவது சரி.
மூன்றாவதன் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவில்
என் விரல் நுழைந்தது.
இன்னொரு விரலும் நுழைந்தது.
ஆப்பைக் கரையான் தின்று எத்தனை வருஷமோ.
தாங்குகிறவர்களோடு வரிசையில்
எதையும் தாங்காமல் நின்றிருக்கிறது.
முதலில் சிரிப்பு வந்தது.
நேர் மேலே என் தையல் மிஷின் என்பது
அப்புறம்தான் உறைத்தது.

பாக் மான் வந்தார், கார் ஜேக்கோடு.
உத்தரம் ஒரு அரிசிமணி உயர்ந்தபோது
மேலே நாள்காட்டி ஆடியதாம்.
‘பெலான், பெலான்’ என்றார்,
எனக்கா, ஜேக்குக்கா, வீட்டுக்கா தெரியவில்லை.
மூன்று இரும்புத் தகடு, ஒரு புது மரத்துண்டு,
எழுபது ரிங்கிட்.

ஒரே நாளில் நிரப்பவில்லை.
கால்வாசி ஊற்றி ஓர் இரவு.
அரைவாசி ஊற்றிய இரவில் மழை.
ரசமட்டத்தின் குமிழ் அரைக்கோடு நகர்ந்தது.
கையில் வாளியோடு நின்றேன்.
குமிழும் நின்றது.

கெலிசா வாங்கும் வசதி இல்லை.
ஐந்து தங்கமீன், கண்ணாடி நக்கும் ஒரு கறுப்பு மீன்.
விடியற்காலை இவர் படியேறும்போது
எனக்குக் கேட்பதற்கு முன்பே
தண்ணீரின் மேற்பரப்பு சிலிர்க்கிறது,
மீன்கள் ஒன்றாகத் திரும்புகின்றன.

தையல் மிஷினுக்குத்தான் இடம் போய்விட்டது.
நடுக்கூடத்தில் நிற்கிறது இப்போது.
வருகிறவர்கள் நுழைந்ததும்
அதைத்தான் பார்க்கிறார்கள்.